சோகமா இருக்கணும்னா லவ் ஃபெயிலியர் ஆகியே தீரணுமா?

ரெண்டு வாரமா இதை எழுதறதும் அழிக்கறதுமா இருக்கேன். கோவம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம்னு பாத்தேன். அடங்கற மாதிரி தெரியல. அதனால அப்படியே கொட்டிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

விஷயம் இதுதான். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற பசங்கள்ல நெறைய பேர் இப்போ ஜப்பான் பாட்டு கேக்கறாங்க. சென்னை, பெங்களூர்ப் பசங்க மட்டும்னு நெனச்சுடாதீங்க. எங்க ராணிப்பேட்டை முத்துக்கடைல பஸ்ஸுக்கு நிக்கற யூனிஃபார்ம் பசங்க காதுலயும் அதுதான் ஓடுது. அனிமே பாக்க ஆரம்பிச்சு, அதோட டைட்டில் பாட்டைப் புடிச்சு, அந்தப் பாடகரோட மத்த பாட்டையெல்லாம் தேடிப் போறாங்க. அதுவும் குதூகலமான பாட்டு இல்ல, பெரும்பாலும் நெஞ்சைப் பிசையற ரகம்.

இதைப் பாத்து நம்ம பெருசுங்களுக்கு ஒரே கவலை. "புரியாத பாஷைல அழுகாச்சிப் பாட்டு கேட்டு புள்ளைங்க கெட்டுப் போவுது." "நம்ம இசைல இல்லாததா?" "போனைப் புடுங்கினா எல்லாம் சரியாயிடும்." குடும்ப வாட்ஸப் குரூப்ல ஆரம்பிச்சு பள்ளிக்கூட பெற்றோர் கூட்டம் வரைக்கும் இதே புலம்பல்தான்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பசங்க அந்தப் பக்கம் போனதுக்கு ஜப்பான்காரன் காரணம் இல்ல. நாமதான். பதினஞ்சு வயசுப் புள்ளையோட வருத்தத்துக்குன்னு நாம பாட்டே போடல. காதல் தோல்வியைத் தவிர அந்த வயசுல வேற சோகமே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டு உக்காந்திருக்கோம்.

கோவத்துக்குக் காரணமான சம்பவத்துக்கு வர்றேன். எங்க ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேணாம். என் அக்கா பொண்ணு அங்க பத்தாவது. வருஷக் கடைசி விழாவுல அவளும் மூணு சிநேகிதிகளும் ஒரு ஜப்பான் பாட்டு பாடறோம்னு போய்க் கேட்டிருக்காங்க. பாட்டு பேரு 'யெல்'. பாடினது இகிமோனோககாரின்னு ஒரு குழு. நருட்டோ பாத்தவங்களுக்கு இவங்களைத் தெரிஞ்சிருக்கும், 2008-ல வந்த 'ப்ளூ பேர்ட்' இவங்களோடதுதான். 'யெல்' 2009-ல வந்தது. பள்ளிக்கூடம் முடிச்சு ஆளுக்கொரு பக்கம் பிரியப் போற நண்பர்களைப் பத்தின பாட்டு. காதல் இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. பத்தாவது முடிச்சுட்டு ஒருத்தி ஆற்காடு, ஒருத்தி வேலூர், ஒருத்தி பாலிடெக்னிக்னு பிரியப் போற நாலு பொண்ணுங்க பாடறதுக்கு இதை விடப் பொருத்தமா என்ன இருக்கு, சொல்லுங்க?

பள்ளிக்கூடம் முடியாதுன்னுடுச்சு. "நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராது"ன்னு சொன்னாங்களாம். அதோட விட்டிருந்தா பரவால்ல. அதே நாலு பேரையும் ஒரு சினிமா குத்துப் பாட்டுக்கு ஆட வெச்சாங்க. ஹீரோவைப் பாத்து ஹீரோயின் ஏங்கற பாட்டு. பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க இடுப்பை ஆட்டறாங்க, முன் வரிசைல பெரிய மனுஷங்க கைதட்டறாங்க. ஆக, இது கலாச்சாரம். சிநேகிதியைப் பிரியறேன்னு நின்ன இடத்துல நின்னு பாடறது சீரழிவு. நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

"பிரியறது கஷ்டமா இருக்குன்னு பாடினா அது தப்பா மாமா?"ன்னு கேட்டா. "தப்பில்ல பாப்பா"ன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் கிடைக்கல. அவகிட்ட சொல்லாம விட்டதைத்தான் இங்க எழுதறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரியாத ஒரு தகவல். 'யெல்' பாட்டு பொறந்ததே பள்ளிக்கூடத்துக்காகத்தான். ஜப்பான்ல நம்ம ஆகாசவாணி, தூர்தர்ஷன் மாதிரி என்எச்கேன்னு ஒரு பொது ஒலிபரப்பு நிறுவனம். அது 1932-லேர்ந்து பள்ளிப் பிள்ளைங்களுக்குத் தேசிய அளவுல சேர்ந்திசைப் போட்டி நடத்துது. தொடக்கப் பள்ளி, நடுநிலை, மேல்நிலைன்னு மூணு பிரிவு. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பிரிவுக்கும் எல்லாரும் பாடியே ஆகணும்னு ஒரு பாட்டு கொடுப்பாங்க. 2009-ல நடுநிலைப் பிரிவுக்குக் கொடுத்த பாட்டுதான் 'யெல்'.

அதுக்கு முந்தின வருஷம், 2008-ல, ஏஞ்சலா அக்கின்னு ஒரு பாடகிகிட்ட கேட்டாங்க. அந்தம்மா சின்ன வயசுல, எதிர்காலத்துல இருக்கப் போற தனக்கே ஒரு கடிதம் எழுதி வெச்சிருந்தாங்க. அவங்களுக்கு முப்பது வயசானப்போ அவங்க அம்மா அதை எடுத்து அனுப்பிட்டாங்க. அதை வெச்சே பாட்டு எழுதிட்டாங்க. பேரு 'தெகாமி', அதாவது கடிதம். பதினஞ்சு வயசுப் புள்ள ஒண்ணு, யார்கிட்டயும் சொல்ல முடியாத வருத்தத்தை, வளர்ந்து பெருசான தனக்கே எழுதுது. பெருசான ஆள் பதில் போடுது. அவ்ளோதான் பாட்டு. இன்னைக்கும் ஜப்பான்ல பள்ளி முடியற விழாக்கள்ல பாடறாங்க.

நல்லா கவனிங்க. பொது நிறுவனம் ஒண்ணு, ஹிட் பாட்டு போடற ஆளைக் கூப்பிட்டு, "பதினஞ்சு வயசுக்காரனுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடு, அவன் வருத்தத்தைப் பத்தி எழுது"ன்னு கேக்குது. நாடு பூரா புள்ளைங்க அதைச் சேர்ந்து நின்னு பாடுது. நம்ம ஊர்ல இப்படி யாராவது, யார்கிட்டயாவது கேட்டிருக்காங்களா?

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். ஒவ்வொண்ணா.

முதல் வாதம்: பாஷை புரியல, அப்புறம் என்ன பாட்டு?

இதைச் சொல்ற பெருசுங்கதான் 1969-ல வந்த 'ஆராதனா' பாட்டை இன்னமும் பாத்ரூம்ல பாடிட்டு இருக்காங்க. அவங்க காலத்துல தமிழ்நாட்டு டீக்கடை பூரா இந்திப் பாட்டுதான். 1976-ல 'அன்னக்கிளி' வந்து அந்தக் கதையை மாத்துச்சு. எத்தனை பேருக்கு இந்தி தெரியும் அப்போ? சபால உக்காந்து தியாகராஜர் கீர்த்தனைக்குத் தலையாட்டறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெலுங்கு புரியும்? அதுவும் எங்க பக்கத்துல இருந்துட்டு இந்த வாதத்தைப் பேசவே கூடாது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு ஒரே ரோட்டுல தமிழும் உருதும் கலந்து கேக்கற ஊருங்க இதெல்லாம்.

இன்னொண்ணு, பசங்க புரியாம கேக்கறதே இல்ல. என் அக்கா பொண்ணு வரிவரியா மொழிபெயர்ப்பு தேடிப் படிச்சு, நோட்டுல தமிழ் எழுத்துல எழுதி வெச்சிருக்கா. ஜப்பானிய வாக்கியமும் நம்ம மாதிரியே வினைச்சொல்லைக் கடைசில வெக்கும். வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயருக்குப் பின்னாடி வரும். சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் ரெண்டு மொழிக்கும் உறவே இருக்குன்னு வாதாடினார். மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கல, அது வேற கதை. ஆனா தமிழ்ப் புள்ளைக்கு அந்த வாக்கியம் அன்னியமாத் தெரியாதுங்கறது உண்மை.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1961-ல க்யூ சகாமோட்டோங்கற பத்தொம்போது வயசுப் பையன், அழுகையை அடக்கிட்டு ராத்திரில தனியா நடக்கறவனைப் பத்தி ஒரு பாட்டு பாடினான். 1963-ல அது ஜப்பானிய மொழிலயே அமெரிக்காவுல மூணு வாரம் முதலிடத்துல இருந்துச்சு. பேரை உச்சரிக்க முடியலன்னு வெள்ளைக்காரங்க அதுக்கு 'சுகியாகி'ன்னு பேர் வெச்சாங்க. சுகியாகின்னா ஒரு மாட்டுக்கறிப் பதார்த்தம். நம்ம சோகப் பாட்டு ஒண்ணுக்கு 'ஆம்பூர் பிரியாணி'ன்னு பேர் வெச்ச மாதிரி :-) பேரு தப்பா இருந்தாலும் சோகம் போய்ச் சேந்துடுச்சு பாருங்க.

ரெண்டாவது வாதம்: ராஜா சார்கிட்ட இல்லாததா?

நானும் ராஜா வெறியன்தான். அந்த வம்பே வேணாம். ராகக் கணக்குல பாத்தா நாம தூரமே இல்ல. ஜப்பான்காரங்க பழைய பாட்டுகள்ல நாலாவது, ஏழாவது ஸ்வரத்தை விட்டுட்டு அஞ்சு ஸ்வரத்துல பாடற ஒரு வழக்கம் உண்டு. 'யோநநுகி'ம்பாங்க. அதோட மேஜர் வடிவம் அச்சு அசல் நம்ம மோகனம். மைனர் வடிவம் கிட்டத்தட்ட சிவரஞ்சனி, ஒரே ஒரு தைவதம்தான் மாறும். தமிழ் சினிமாவுல யாராவது செத்தா ஷெனாய்ல வாசிப்பாங்களே, அந்த சிவரஞ்சனி. ஆக நம்ம காது அதுக்குத் தயாராத்தான் இருக்கு.

குறை மெட்டுல இல்ல, சிச்சுவேஷன்ல. நம்ம பாட்டு முக்காவாசி சினிமாவுக்குள்ள பொறக்குது. சினிமாப் பாட்டுக்கு ஹீரோ வேணும். ஹீரோவுக்கு வயசு இருவத்தஞ்சுக்கு மேல. அவன் சோகத்துக்குக் காரணம் ஒரு பொண்ணு. அவ ஏமாத்திட்டா, இவன் தாடி வளத்துட்டான், பாட்டில் எடுத்துட்டான். 2011 நவம்பர்ல 'கொலவெறி' வந்தப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் எங்க கிளாஸ்ல எல்லாருமே 'சூப் பாய்ஸ்'. ஒரு பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது, ஆனா லவ் ஃபெயிலியர்! ஏன்னா சோகமா இருக்கறதுக்கு அந்த ஒரு யூனிஃபார்ம்தான் கடைல கிடைச்சுது. மார்க் போனவனும் அதைத்தான் போட்டுக்கிட்டான், வீட்ல தினம் சண்டை நடக்கறவனும் அதைத்தான் போட்டுக்கிட்டான். பொண்ணுங்களுக்கு அதுவும் இல்ல. அவங்க அந்தப் பாட்டுல திட்டு வாங்கற ஆளு, அவ்ளோதான்.

விதிவிலக்கு உண்டு, தெரியும். 'தங்கமீன்கள்' படத்துல நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு அற்புதம். ஆனா அது மகளைப் பாத்து அப்பா உருகறது. மக என்ன நெனக்கறாங்கறது பாட்டுல இல்ல. 2004-ல வந்த 'ஆட்டோகிராப்' தன்னம்பிக்கைப் பாட்டு நல்ல பாட்டு, விருது வாங்கின பாட்டு, ஸ்கூல் ஸ்கூலா ஒலிச்ச பாட்டு. ஆனா அதுவும் "எழுந்திரு, ஜெயிப்ப"ங்கற வகை. அழற புள்ளைக்கு முதல்ல வேண்டியது பக்கத்துல உக்கார ஒரு ஆள். அறிவுரை அப்புறம். நம்மகிட்ட தண்ணி அடிக்கற சோகம் இருக்கு, தட்டிக் கொடுக்கற உற்சாகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த நடு இடத்துலதான் பதினஞ்சு வயசு முழுக்க ஓடுது.

எங்க ஊர்ப் புள்ளைங்களுக்குச் சோகத்துக்கா பஞ்சம்? விடிஞ்சும் விடியாம ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போற அம்மா, இருட்டினப்புறம் வந்து பேசத் தெம்பில்லாம படுத்துடறாங்க. அப்பா டேனரி வேலை. 2015 ஜனவரி 31 ராத்திரி, சிப்காட்ல தோல் கழிவுத் தொட்டி உடைஞ்சு தூங்கிட்டிருந்த 10 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. 1995-ல மூடின குரோமேட் கம்பெனியோட கழிவு மலை மாதிரி குவிஞ்சு கிடந்து, தண்ணி மஞ்சளாப் போன கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர்ல வளர்ற புள்ளைக்கு மனசு கனக்க ஒரு பொண்ணு ஏமாத்திட்டுப் போகணுமா என்ன?

மூணாவது வாதம்: சோகப் பாட்டு கேட்டா புள்ளைங்க தப்பான முடிவுக்குப் போயிடும்.

இதை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. பயம் நியாயமானது. ஜப்பான் ஒண்ணும் சொர்க்கம் கிடையாது. 2024-ல அங்க பள்ளிப் பிள்ளைங்க மட்டும் 529 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. 1980-ல கணக்கெடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து அதுவரைக்கும் அதிகமான எண்ணிக்கை அது. பாட்டுலயும் இருட்டு உண்டு. யோஅசோபியோட முதல் ஹிட், 2019-ல வந்தது, துள்ளலான மெட்டு, ஆனா அதுக்கு மூலமான சிறுகதையே சாவைத் தேடற ஆளைப் பத்தினது. 2020-ல அதோங்கற பொண்ணு, பதினெட்டு முடியறதுக்கு முந்தின நாள், பெரியவங்க உலகத்தையே போட்டு விளாசற பாட்டோட வந்தா. வீட்டு அலமாரிக்குள்ள உக்காந்து பாடிப் பதிவு பண்ணிப் பழகின பொண்ணு அவ. சின்னப் புள்ளைங்க அதைப் பாடிட்டுத் திரியறதைப் பாத்து அங்கயும் அப்பா அம்மாங்க பதறினாங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊர்ல ரிசல்ட் வர்ற வாரம் பேப்பரைத் திறக்கவே பயமா இருக்கே, அதுக்கும் ஜப்பான் பாட்டா காரணம்? மார்க்கை ஃப்ளெக்ஸ் அடிச்சு ரோட்ல கட்டறது யாரு? போட்டோ வராத புள்ள வாயைத் திறந்து சொல்ல நாம என்ன வார்த்தை கொடுத்திருக்கோம்? வருத்தத்துக்குப் பேர் தெரிஞ்ச புள்ள யார்கிட்டயாவது சொல்லும். பேரே தெரியாத புள்ளைதான் உள்ளயே வெச்சுப் புழுங்கும். போனைப் புடுங்கறதுக்குப் பதிலா ஒரு காது ஹெட்போனை வாங்கி மாட்டிக்கிட்டு, "இதுல என்ன சொல்றாங்க?"ன்னு கேளுங்க. அப்பதான் எது ஆறுதல், எது ஆபத்துன்னு உங்களுக்கும் தெரியும்.

கடைசியா அந்தக் கலாச்சார வாதம். இதுல எனக்குச் சிரிப்புத்தான் வருது.

எங்க வடாற்காடு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து நடக்கும். ராத்திரி பூரா. அதுல அபிமன்யு சண்டைன்னா கூட்டம் அள்ளும். அபிமன்யுவுக்கு வயசு பதினாறு. சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளில வரத் தெரியாது. பெரியவங்க சண்டைல, பெரியவங்க விதியை மீறி, ஒரு பையனைச் சுத்தி நின்னு கொன்னாங்க. அதை விடிய விடியப் பாடி ஊரே உக்காந்து அழுதுச்சு. குழந்தை குட்டியோட. பதினாறு வயசோட துக்கத்தைப் பாடறது நம்ம கலாச்சாரத்துல இல்லைன்னு இனிமே யாராவது சொன்னா, கூத்துக்காரங்களைத்தான் கூட்டிட்டு வருவேன். நருட்டோவுலயும் டீமன் ஸ்லேயர்லயும் பசங்க பாக்கறது என்ன? பெரியவங்க ஆரம்பிச்ச சண்டைல மாட்டின பதினாறு வயசு. பாரதக்கூத்து மைதானத்துல டிஜே பாக்ஸை வெச்சது நாம. இப்போ புள்ள அபிமன்யுவை ஜப்பான்ல தேடுதேன்னு ஒப்பாரி வெக்கறதும் நாமளே.

வியாபாரிக்கு இது எப்பவோ புரிஞ்சுடுச்சு. 2019-ல 'வெதரிங் வித் யூ' படம் இந்தியத் தியேட்டருக்கு வந்ததே ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்திக் கேட்டதாலதான். 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் தமிழ் டப்பிங்கோடவே வந்துச்சு. டிக்கெட் விக்கறவனுக்குத் தெரிஞ்ச புள்ள மனசு, பாடம் நடத்தறவங்களுக்குத் தெரியலையே?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. 2022-23 கல்வியாண்டுலேர்ந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடக்குது. நல்ல விஷயம். அதுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு போடுங்க. படத்துக்கு இசையமைக்கற பெரிய கைகிட்டயே கேளுங்க. ஹீரோ கிடையாது, அறிவுரை கிடையாது, தேசபக்தி கிடையாது. பத்தாவது படிக்கற ஒரு புள்ள தன் குரல்ல தன்னைப் பத்திப் பாடற பாட்டு. பிரியற சிநேகிதி, போன மார்க்கு, பேசாத அப்பா, எதுவா வேணா இருக்கட்டும். சினிமா இல்லாம தமிழ்ப் பாட்டு ஊரைக் கலக்கும்னு 2021-ல 'எஞ்சாயி எஞ்சாமி' காட்டிடுச்சு. ஒரு பாட்டிக்கும் மண்ணுக்கும் பாட்டு போட முடிஞ்ச நமக்கு, பேத்திக்கு ஒண்ணு போட முடியாதா?

போட்டுட்டு வாங்க. அப்புறம் கலாச்சாரம் பேசலாம். அதுவரைக்கும் புள்ளைங்க கேக்கறதைக் கேக்கட்டும், விடுங்க.

டிஸ்கி 1: "ஒனக்குக் கல்யாணம் ஆகல, புள்ளை இல்ல, ஒனக்கென்ன தெரியும்"னு வர்றவங்களுக்கு: பதினஞ்சு வயசு எனக்கும் இருந்துச்சுங்க.

டிஸ்கி 2: பாட்டோ பரீட்சையோ, எதுவா இருந்தாலும் மனசு தாங்க முடியாம கனத்துச்சுன்னா 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ், மத்திய அரசோட இலவச சேவை. தமிழ்லயே பேசலாம். பெருசுங்களும் பேசலாம்.